டெமோ ஓடுவது வேறு, செயலி ஓடுவது வேறு: மொபைலுக்கான வெப் ஃபிரேம்வொர்க்கைச் சோதிக்கும் முறை

பெங்களூரில் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் எந்த மென்பொருள் நிறுவனத்திலும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். "எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாருக்கும் கைவந்த கலை. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐஃபோனுக்கு ஒன்று என்று இரண்டு தடவை எதற்கு எழுத வேண்டும்?" நியாயமான கேள்விதான். கோளாறு வருவது பதில் தேடும் விதத்தில். ஒரே வெப் கோடை இரண்டு வகை ஃபோனிலும் செயலியாக ஓடவிடும் ஃபிரேம்வொர்க் ஒன்றின் தளத்திலுள்ள டெமோவைப் புத்தம்புது ஃபோனில் திறந்து, இரண்டு முறை விரலால் தள்ளிப் பார்த்து, "வழுக்கிக்கொண்டு போகிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குப் பொருந்தும். டெமோ என்பது சமைத்தவரே பொறுக்கி நீட்டும் சோறு. அடி பிடித்திருக்கிறதா என்று கரண்டியை விட்டுக் கிளறிப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர் வேலை.

இரண்டு பேர், ஐந்து வேலை நாள், இரண்டு பழைய ஃபோன், எக்ஸ்கோட் (ஐஃபோன் செயலி கட்டும் ஆப்பிளின் மென்பொருள்) ஓடும் ஒரு மேக். இவ்வளவு இருந்தால் கிளறிப் பார்த்துவிடலாம்.

முதலில், செயலி வேண்டுமா?

2015-ல் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை மூடிவிட்டு வாடிக்கையாளர்களைச் செயலிக்கு அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில், பிரவுசரிலேயே ஓடும் புரோகிரெசிவ் வெப் ஆப்பாகத் திரும்பி வந்தது. மிந்த்ரா 2015 மே மாதம் இணையதளத்தையே மூடி "செயலி மட்டும்" என்றது. அடுத்த ஆண்டே தளத்தை மறுபடி திறந்தது. இரண்டும் நம் ஊர் நிறுவனங்கள், கையில் பணமும் ஆளும் இருந்தவை. அவர்களுக்கே இப்படியென்றால், சின்ன டீம் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

பொருள் பட்டியல், ஆர்டர், எப்போதாவது ஒரு அறிவிப்பு, இவ்வளவுதான் தேவை என்றால் புரோகிரெசிவ் வெப் ஆப்பே போதலாம். ஒரே நெருடல் ஐஃபோன். அங்கே வெப் அறிவிப்பு ஐஓஎஸ் 16.4-லிருந்துதான், அதாவது 2023 மார்ச்சிலிருந்துதான் உண்டு. அதுவும் பயனர் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும். சொல்லிக் கொடுக்காமல் அதைச் செய்பவர்கள் குறைவு.

பிளே ஸ்டோரில் பெயர் இருந்தால் போதும் என்பவர்களுக்கு டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி என்ற வழி இருக்கிறது. செயலிக்குள் குரோமே தளத்தைத் திறந்து காட்டும். இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: செயலி நம்முடையதே என்று சொல்லத் தளத்தில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் கோப்பில், நாம் பதிவேற்றும்போது போடும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எண்வரிசையை) எழுதிவிடுவார்கள். கூகுள் அதைக் கழற்றிவிட்டுத் தன்னிடமுள்ள சாவியால் கையெழுத்திட்டுத்தான் பயனருக்கு அனுப்புகிறது. எனவே பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்திலுள்ள கைரேகையும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலியின் தலையில் பிரவுசரின் முகவரிப் பட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேமரா, புளூடூத் பிரிண்டர், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை, இரண்டு ஸ்டோரிலும் இருப்பு என்று தேவை வளர்ந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

எதை எடைபோடுகிறோம்

"ஐயானிக் நல்லதா, ஃபிரேம்வொர்க்7 நல்லதா" என்று கேட்பது பாதிக் கேள்வி. இப்படிச் செய்யும் செயலியில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே பட்டன், பட்டியல், பக்க மாற்றம் ஆகியவற்றைத் தரும் முகப்பு நூலகம்: ஐயானிக், ஃபிரேம்வொர்க்7, குவாசர் போன்றவை. நடுவில் ஜாவாஸ்கிரிப்டையும் ஃபோனின் கேமரா, கோப்பு, அறிவிப்பு வசதிகளையும் இணைக்கும் பாலம்: இன்று பெரும்பாலும் கபாசிட்டர், பழைய திட்டங்களில் கார்டோவா, புதிதாக டௌரி 2. அடியில், செயலிக்குள் வெப் பக்கத்தை வரைந்து காட்டும், ஃபோனிலேயே இருக்கும் பிரவுசர் பாகமான வெப்வியூ. முதல் இரண்டை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாவதைப் பயனரின் ஃபோன் தேர்ந்தெடுத்துவிடுகிறது. டெமோவுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு 5-லிருந்து வெப்வியூ பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை குரோமே அந்த வேலையைப் பார்க்கும். 10-லிருந்து தனிப் பொதி. ஆனால் இடம் போதாமல் ஆட்டோ அப்டேட்டை அணைத்து வைத்திருக்கும் ஃபோனில் அது பழையதாகவே கிடக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வெப்வியூ இம்ப்ளிமென்டேஷன் என்ற இடத்தில் அதன் எண் தெரியும். ஐஃபோனில் கதை வேறு: வெப்வியூ ஐஓஎஸ்ஸோடு ஒட்டிப் பிறந்தது. ஐஃபோன் 8 ஐஓஎஸ் 16-டன் நின்றுவிட்டது, எனவே அதன் வெப்வியூவும் அங்கேயே நின்றுவிட்டது. சஃபாரியில் சென்ற வருடம் வந்த சிஎஸ்எஸ் வசதி அந்த ஃபோனுக்கு என்றைக்கும் வராது.

ஒரு மணி நேரம் காகித வேலை

கோடு எழுதுமுன் ஃபிரேம்வொர்க்கின் பின்னால் நிற்பது யார் என்று பாருங்கள். இந்தத் துறையில் மூடுவிழாக்கள் சாதாரணம். செயலியைக் கட்டித்தரும் போன்கேப் பில்ட் சேவையை அடோபி 2020-ல் நிறுத்தியது. ஜேகொயரி மொபைலுக்கு 2021-ல் ஓய்வு கொடுத்தார்கள். ஸ்டோர் வழி போகாமல் செயலியைப் புதுப்பிக்கும் கோட்புஷ்ஷைத் தாங்கிய ஆப் சென்டரை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 31-ல் மூடியது. ஐயானிக் நிறுவனத்தை 2022-ல் அவுட்சிஸ்டம்ஸ் வாங்கியது. 2025-ல் ஆப்ஃப்ளோ (பில்ட், நேரடி அப்டேட் சேவை) உள்ளிட்ட கட்டணச் சேவைகளின் புது விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஐயானிக் முகப்பு நூலகமும் கபாசிட்டரும் எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலமாகவே இருக்கின்றன. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளிது: மூலக்கோடு திறந்திருக்கும் பகுதியை நம்பிக் கட்டலாம், பில்ட் சேவை, நேரடி அப்டேட் சேவை போன்றவற்றை ஒரு வாரத்தில் மாற்றிவிடும்படி தள்ளியே வைத்திருக்க வேண்டும்.

உரிமத்தையும் இப்போதே படித்துவிடுங்கள். சென்சாவின் எக்ஸ்ட் ஜேஎஸ் போன்றவை கட்டண உரிமம். வாடிக்கையாளருக்கு விலை சொன்ன பிறகு அது தெரியவருவது நல்லதல்ல.

பிறகு பிளகின்கள், அதாவது ஃபோனின் ஒவ்வொரு வசதியையும் பாலத்தோடு இணைக்கும் துண்டுக் கோடுகள். உங்கள் செயலிக்கு வேண்டிய ஃபோன் வசதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பிளகின் பெயர், பராமரிப்பது மைய டீமா தனி ஆளா, கடைசி வெளியீட்டின் தேதி, நீங்கள் எடுக்கப்போகும் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று குறியுங்கள். வாராந்திரப் பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய திட்டங்களின் தானியங்கி பில்டுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். புகார்ப் பக்கத்தில் கடைசி 20 புகாருக்குப் பதில் வந்திருக்கிறதா என்பதே உண்மையான நாடி. தனி ஆள் பராமரிக்கும் பிளகின் இரண்டுக்கு மேல் போனால், அவற்றின் காட்லின், ஸ்விஃப்ட் (ஆண்ட்ராய்டு, ஐஃபோன் மொழிகள்) கோடைத் திருத்தத் தெரிந்த ஒருவர் டீமில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோன் வாங்குங்கள்

கணினியில் ஃபோன் போல நடிக்கும் எமுலேட்டர் அந்தக் கணினியின் பலத்தில் ஓடுகிறது. அதில் வேகத்தை அளப்பது வீண் வேலை. எஸ்.பி. ரோடு பக்கம் ஒருநாள் சுற்றினால் பயன்படுத்திய ஃபோன் கிடைக்கும். வேண்டியது 3 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 9 அல்லது 10 உள்ள ஒன்று. ஐஓஎஸ் 16-டன் நின்றுபோன ஐஃபோன் ஒன்று. பழைய ஃபோனை வாங்கியதும் சுத்தமாக ரீசெட் செய்து சோதிக்கக் கூடாது. வாட்ஸ்அப், ஒரு யுபிஐ செயலி, யூடியூப் எல்லாம் போட்டு, சேமிப்பிடம் 80 சதவீதம் நிறைந்த நிலையில் சோதிக்க வேண்டும். ஜனங்களின் ஃபோன் அப்படித்தான் இருக்கிறது.

சோதனைச் செயலி

மாதிரிக்கு, ஓசூர்ப் பக்கமிருந்து பூ எடுத்து கே.ஆர். மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு ஆர்டர் செயலி என்று வைத்துக்கொள்வோம். 2,000 சில்லறைக் கடைக்காரர்கள். பெயர்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து கிடக்கும். பில்லைப் படம் பிடிக்க வேண்டும், பணம் யுபிஐயில் வர வேண்டும். உங்கள் செயலி வேறாக இருக்கலாம். ஆனால் சோதனைக்கு லாகின் பக்கத்தையும் "எங்களைப் பற்றி" பக்கத்தையும் செய்துகொண்டிருக்காதீர்கள். செயலியில் எது மிகக் கடினமோ அதை முதல் நாளே செய்யுங்கள்.

பட்டியல். 2,000 வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம், பெயர், பாக்கித் தொகை. வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கும் ஃபோனில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 120 என்றால் 8.3. எல்லா வரிசையையும் ஒரேயடியாகத் திரையில் கொட்டினால் பழைய ஃபோன் மூச்சுத்திணறும். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் வரையும் விர்ச்சுவல் ஸ்க்ரோல் வேண்டும். ஃபிரேம்வொர்க்கிலேயே அது இருக்கிறதா, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்று பாருங்கள். ஐயானிக் 7-ல் தன் விர்ச்சுவல் ஸ்க்ரோலை எடுத்தே விட்டார்கள். ரியாக்ட், ஆங்குலர், வியூ ஜேஎஸ் ஆகிய ஜாவாஸ்கிரிப்ட் அடித்தளங்களின் உலகிலுள்ள தனி நூலகத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போட்ட பிறகு வேகமாகத் தள்ளிப் பாருங்கள்: வெள்ளைத் திட்டுகள் வருகின்றனவா? 1,400-வது வரிசையைத் திறந்து, பின்னோக்கி வந்தால் அதே இடத்தில் நிற்கிறதா, மேலே ஓடிவிடுகிறதா? இரண்டாவது கேள்வியில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பட்டியல் திக்கினால் உடனே ஃபிரேம்வொர்க்கைக் குறைசொல்ல வேண்டாம். வரிசைக்கு வரிசை போட்ட நிழலையும் மங்கல் பின்னணியையும் எடுத்துவிட்டு மறுபடி அளந்துவிட்டுப் பேசலாம்.

படிவம். எட்டுக் கட்டம், கடைசிக் கட்டம் திரையின் அடியில், அதற்குக் கீழே ஒட்டிய "சேமி" பட்டன். கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு அதை மூடுகிறதா, பட்டன் கீபோர்டின் தலையில் ஏறிக்கொள்கிறதா என்று இரண்டு ஃபோனிலும் பாருங்கள். உயரத்தை 100 விஎச் (திரையின் முழு உயரம்) என்று எழுதிய பக்கங்கள் இங்கேதான் உடையும். ஆண்ட்ராய்டு 15-ஐக் குறியாக வைத்துக் கட்டினால் செயலி திரையின் விளிம்பு வரை விரிந்தே தீரும். ஸ்டேட்டஸ் பாருக்கு அடியில் தலைப்பு புகுந்துகொள்வதைத் தடுக்க ஃபிரேம்வொர்க் என்ன செய்கிறது என்பதை ஆண்ட்ராய்டு 15 ஃபோன் ஒன்றைக் கடன் வாங்கியாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இது இருக்காது. ஜிபோர்டில் தமிழ் வைத்து, தேடல் கட்டத்தில் "முரு" என்று அடியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் சுருங்குகிறதா? வியூ ஜேஎஸ்ஸில் கட்டத்தையும் மதிப்பையும் இணைக்கும் வி-மாடல், கீபோர்டு சொல்லைக் கோத்துக்கொண்டிருக்கும் வரை மதிப்பை மாற்றாது. சொல் முடிந்து இடைவெளி தட்டிய பிறகே மாற்றும். இன்புட் நிகழ்வை நேரடியாகக் கேட்டால் சரியாகிவிடும். ஆனால் முகப்பு நூலகத்தின் தேடல் கட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீ டவுன் நிகழ்வை நம்பி எழுதிய கட்டங்களும் இங்கே ஏமாற்றும். ஆண்ட்ராய்டு கீபோர்டுகள் எந்த எழுத்தை அடித்தாலும் 229 என்ற ஒரே எண்ணைத் தருவது வழக்கம்.

எழுத்து எண்ணிக்கை இன்னொரு பொறி. "தமிழ்ச்செல்வி" நமக்கு 7 எழுத்து. எச்டிஎம்எல்லின் எழுத்து வரம்பான மேக்ஸ்லென்த்துக்கு, புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணுவதால், அது 13. பெயருக்கு 12 என்று வரம்பு வைத்தால் கடைசி "வி" எழுத்து, கொக்கி அறுந்து "வ" ஆகிவிடும். பிரவுசரிலேயே இருக்கும் இன்டில் செக்மென்டர் கொண்டு எண்ணினால் சரியான கணக்கு வரும்; குரோம் 87, சஃபாரி 14.1-லிருந்து இருக்கிறது. அதோடு, சர்வரிலும் தரவுத்தளத்திலும் அதே கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெங்களூரில் செயலி விடுபவர் கன்னடத்தை விட முடியாது. கன்னட ஒத்தெழுத்துகள் வரிக்குக் கீழே தொங்கும்; உயரம் கட்டிவைத்த பட்டனில் அவற்றின் கால் வெட்டுப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை: ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடிவது இங்கே "சமர்ப்பிக்கவும்" ஆகிறது. முகப்பு நூலகத்தின் பட்டன் உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்ற முடிகிறதா, வரி மடிகிறதா, மூன்று புள்ளி போட்டு விழுங்குகிறதா என்று பாருங்கள். கையோடு ஃபோனின் எழுத்தளவைப் பெரிதாக்கியும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து 200 சதவீதம் வரை போகலாம், வெப்வியூ அதைப் பின்பற்றும். பெரிய எழுத்து வைத்திருக்கும் கடைக்கார ஐயாதான் உங்கள் முக்கிய வாடிக்கையாளராகவும் இருப்பார்.

கேமராவும் நினைவகமும். பில்லைப் படமெடுத்துத் திரையில் காட்டுங்கள். படத்தை பேஸ்64 எழுத்துக்கோவையாகப் பாலத்தின் வழியே கொண்டுவருவது எளிது, அதனால் மாதிரிக் கோடுகளில் அதிகம் காணப்படும். 4 எம்பி படம் அப்படி வந்தால் சுமார் 5.3 எம்பி, அது பிரதி மேல் பிரதியாக நினைவகத்தில் உட்காரும். ஐந்து படம் தொடர்ந்து எடுத்தால் 3 ஜிபி ஃபோன் தள்ளாடும். கோப்பின் பாதையை மட்டும் வாங்கி, வெப்வியூ படிக்கும் முகவரியாக மாற்றிக் காட்டும் வழி பிளகினில் இருக்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு சோதனை. கேமரா திறந்திருக்கும்போது நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு உங்கள் செயலியைக் கொன்றுவிடலாம். படம் எடுத்துத் திரும்பினால் செயலி முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். நிரப்பிய படிவம் போயே போச்சு. இதை வேண்டுமென்றே வரவழைக்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" என்பதை இயக்குங்கள். கபாசிட்டர் இதற்காகவே, மறுபிறப்புக்குப் பின் படத்தை ஒப்படைக்கும் தனி நிகழ்வு ஒன்றை வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் கோடு எழுதுவதும், படிவத்தை அவ்வப்போது சேமித்துவைப்பதும் நம் பொறுப்பு. நீங்கள் சோதிக்கும் பாலத்தில் இப்படி ஒன்று இல்லையென்றால் பெரிய எதிர்க்குறி போடுங்கள்.

யுபிஐ. பிரவுசரில் சுகமாக ஓடும் பணப் பக்கம் வெப்வியூவுக்குள் "அறியாத யுஆர்எல் ஸ்கீம்" (முகவரியின் முன்சொல் தெரியவில்லை) என்ற பிழையோடு நிற்பது இந்தியச் செயலிகளின் தேசிய வியாதி. வேறு செயலியைத் திறக்கச் சொல்லும் யுபிஐ இணைப்பையும் இன்டென்ட் இணைப்பையும் வெப்வியூ தானாக வெளியே அனுப்பாது. பாலமோ பணச் சேவையின் பிளகினோ பிடித்து அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து, எந்த ஸ்கீமைத் தேடப்போகிறோம் என்று செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் குவெரிஸ் பகுதியில் எழுதாவிட்டால் ஃபோனில் இருக்கும் யுபிஐ செயலிகள் நம் கண்ணுக்கே தெரியாது. ஐஃபோனில் அதே போன்ற இன்ஃபோ பிலிஸ்ட் கோப்பில் ஒவ்வொரு ஸ்கீமையும் பட்டியலிட வேண்டும். பணம் கட்டித் திரும்பும் வழியிலும் செயலி செத்துப் பிழைக்கலாம். எனவே யுபிஐ செயலி கொண்டுவரும் "வெற்றி" என்ற சொல்லை நம்பி ரசீது போடாமல், சர்வரைக் கேட்டபிறகு போடுங்கள்.

லாகின். கூகுள் கணக்கால் உள்நுழையும் பக்கத்தை வெப்வியூவுக்குள் திறந்தால் கூகுள் விடாது. 2021 செப்டம்பர் 30-லிருந்து அந்தக் கதவு முழுக்க அடைக்கப்பட்டுவிட்டது. ஆண்ட்ராய்டில் பிரவுசர் சன்னலான கஸ்டம் டேப், ஐஃபோனில் அதற்கான தனி லாகின் சன்னல் ஆகியவற்றைத் திறக்கும் பிளகின் வேண்டும்.

குக்கியை (பிரவுசர் சேமித்துவைக்கும் அடையாளச் சீட்டை) நம்பிய லாகின் இன்னொரு தலைவலி. கபாசிட்டர் செயலியின் பக்கம் ஆண்ட்ராய்டில் எச்டிடிபிஎஸ் லோக்கல்ஹோஸ்ட் என்றும் ஐஃபோனில் கபாசிட்டர் லோக்கல்ஹோஸ்ட் என்றும் சர்வருக்குத் தெரியும். இரண்டையும் சர்வரின் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், உங்கள் சர்வரின் குக்கி ஐஃபோனின் கண்ணுக்கு மூன்றாம் ஆளின் குக்கி. ஐஓஎஸ் 14-லிருந்து அது தடுக்கப்படும். "ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, ஐஃபோனில் மட்டும் லாகின் நிற்கவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அடையாள டோக்கனை நாமே சேர்த்தனுப்பும் முறைக்கு மாறுவது, அல்லது கோரிக்கைகளைப் பாலத்தின் வழியே நேட்டிவாக (வெப்வியூவைத் தொடாமல்) அனுப்புவது தீர்வு.

சிக்னல் இல்லாத இடம்

மார்க்கெட்டின் உள்ளே, லிஃப்ட்டில், மெட்ரோ சுரங்கத்தில் செயலி என்ன செய்யும்? ஏரோபிளேன் மோட் போட்டுச் சோதிப்பது பாதிச் சோதனை. அங்கே "இணைப்பு இல்லை" என்று ஃபோன் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சிக்னல் இருப்பதாகக் காட்டியும் தரவு வராத நிலைதான் கொடுமை. பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோட்டில் ஏறி, கப்பன் பார்க்கில் தொடங்கும் சுரங்கத்தைக் கடந்து மெஜஸ்டிக் வரை போய் வாருங்கள். வழியில் பத்து ஆர்டர் போடுங்கள். இறங்கியபின் சர்வரில் சரியாகப் பத்து இருக்க வேண்டும்; பதினொன்று இருந்தால் மறுமுயற்சியில் இரட்டிப்பு, ஒன்பது இருந்தால் இழப்பு. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஃபோனிலேயே தனி அடையாள எண் போட்டு அனுப்பினால் இரட்டிப்பு நிற்கும்.

அனுப்பாத ஆர்டரை வெப்வியூவின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்காதீர்கள். இடம் நெருக்கும்போது இயங்குதளம் அதைத் துடைத்துவிடலாம். ஃபோனுக்குள்ளேயே தரவுத்தளம் வைக்கும் எஸ்க்யூலைட் பிளகின்தான் சரியான இடம். இன்னொரு பழைய பொறி: கபாசிட்டர் 6-ல் ஆண்ட்ராய்டின் இயல்பு முகவரி எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ் ஆயிற்று. வெப்வியூவுக்கு முகவரி மாறினால் வீடே மாறியது போல. பழைய லோக்கல் ஸ்டோரேஜ் புது வீட்டில் தெரியாது. பதிப்பு மாற்றும்போது எல்லாப் பயனரும் வெளியேற்றப்பட்டதாகப் புகார் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அளப்பது

செயலி திறக்கும் நேரத்தை, ஃபோனைக் கணினியிலிருந்து இயக்கும் கருவியான ஏடிபியின் ஆக்டிவிட்டி ஸ்டார்ட் கட்டளை சொல்லும். ஆனால் அது சொல்வது வெற்று வெப்வியூ திரைக்கு வந்த நேரம். உள்ளே பட்டியல் தெரிய இன்னும் இரண்டு வினாடி ஆகலாம். அது கணக்கில் வராது. அதனால் வேறொரு ஃபோனால் திரையை வீடியோ எடுத்து, ஐகானைத் தொட்ட ஃபிரேமிலிருந்து முதல் கடைக்காரர் பெயர் தெரியும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். செயலியை முழுதாக நிறுத்திவிட்டு ஐந்து முறை. நடு மதிப்பை எடுங்கள், சராசரி வேண்டாம். 5 வினாடியை எட்டும் குளிர்த் தொடக்கத்தை (முழுதாக நின்ற செயலி திறப்பதை) கூகுளின் தர அளவீடான ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் மிகை என்று குறிக்கிறது. பழைய ஃபோனில் 3 வினாடிக்குள் வராத செயலியைக் கடைக்காரர் காலை ஐந்து மணி நெரிசலில் திறக்க மாட்டார் என்பது நம் அளவுகோலாக இருக்கட்டும்.

நேரம் கூடினால் காரணம் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்டின் எடை. கோப்புகள் ஃபோனிலேயே இருப்பதால் இறக்கும் நேரம் இல்லை, ஆனால் படித்துப் புரிந்து ஓட்டும் நேரம் இருக்கிறது. முதல் பக்கத்துக்கு வேண்டாதவற்றைத் தனிக் கோப்பாகப் பிரிக்க ஃபிரேம்வொர்க் எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதே கேள்வி.

நினைவகத்தை ஏடிபியின் மெமின்ஃபோ கட்டளையால் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 8-லிருந்து பெரும்பாலான ஃபோன்களில் வெப்வியூவின் வரையும் பகுதி தனி ப்ராசஸில் ஓடுகிறது. செயலியின் பெயரை மட்டும் கொடுத்தால் பாதிக் கணக்குதான் வரும். "இவ்வளவு குறைவா" என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

திக்கலைப் பார்க்க, ஆண்ட்ராய்டுக்குக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கம், ஐஃபோனுக்கு மேக்கிலுள்ள சஃபாரி. ஐஓஎஸ் 16.4-லிருந்து வெப்வியூவை ஆய்வுக்குத் திறந்துவைக்கும் அமைப்பை இயக்காவிட்டால் சஃபாரி மெனுவில் செயலி தலைகாட்டாது.

பதிப்பு ஏற்றும் சோதனை

ஐந்தாம் நாளுக்கு இதை வையுங்கள். பலரும் செய்யாத, ஆனால் மற்றெல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும் சோதனை. ஃபிரேம்வொர்க்கின் முந்தைய பெரும்பதிப்பில் ஒரு திட்டம் தொடங்கி, உங்களுக்கு வேண்டிய பிளகின்களைப் போட்டு, பின் இன்றைய பதிப்புக்கு ஏற்றுங்கள். எத்தனை மணி நேரம், ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் எத்தனை பிழை, எந்தப் பிளகின் பின்தங்கியது என்று எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இந்த விலையை நீங்கள் கட்டியே ஆகவேண்டும், ஏனெனில் பிளே ஸ்டோர் விடாது: 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுச் செயலியும் அப்டேட்டும் ஏபிஐ 35-ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15-ஐக் குறியாகக் கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவைத் தாங்க வேண்டும். வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இது பொருட்டில்லை. ஆனால் எஸ்க்யூலைட், பார்கோடு போன்ற பிளகின்களின் உள்ளே இருக்கும் நேட்டிவ் நூலகம் பழையதாக இருந்தால் மொத்தச் செயலியும் திருப்பி அனுப்பப்படும். கபாசிட்டர் 7-க்கு நோட் ஜேஎஸ் 20, எக்ஸ்கோட் 16, குறைந்தபட்சம் ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 6 வேண்டும். பழைய மேக்கில் அந்த எக்ஸ்கோட் ஏறுமா என்று இப்போதே பாருங்கள்.

ஸ்டோர் வாசல்

ஆப்பிளின் விதி 4.2, தளத்தை அப்படியே பொட்டலம் கட்டிக் கொண்டுவருவதை ஏற்காது. சர்வரிலுள்ள பக்கத்தை வெப்வியூவில் நேராகத் திறக்கும் செயலி இதில் மாட்டும். கோப்புகளை உள்ளேயே வைத்து, கேமரா, அறிவிப்பு, ஆஃப்லைன் என்று ஃபோனின் வசதிகளைப் பயன்படுத்தும் செயலிக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. கூகுளில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும்முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும்போது இந்த இரண்டு வாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டணம் கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99.

முடிவெடுப்பது

பத்து அம்சத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணை வேண்டாம். அழகுக்கு 9, ஆவணத்துக்கு 9, யுபிஐக்கு 0 என்றால் கூட்டுத்தொகை நன்றாகத்தான் இருக்கும், செயலிதான் இருக்காது. பட்டியல், படிவம், தமிழ் உள்ளீடு, கேமராவுக்குப் பின் பிழைத்தல், பணம், லாகின், சுரங்கம், பதிப்பு ஏற்றம்: இவற்றில் ஏதாவது ஒன்று பழைய ஃபோனில் தோற்று, ஒரு நாள் உழைத்தும் சரியாகவில்லை என்றால் அந்த ஃபிரேம்வொர்க் வேண்டாம். எல்லாம் தேறிய இரண்டு மிஞ்சினால், உங்கள் டீமுக்கு ஏற்கெனவே தெரிந்த ரியாக்ட், ஆங்குலர் அல்லது வியூ ஜேஎஸ்ஸோடு ஒட்டுவதை எடுங்கள்.

தொடர்ந்து பின்னணியில் இருப்பிடம் பதிவது, நேரடி வீடியோவில் வேலை செய்வது, கனமான அசைவுப்படம் ஆகியவை செயலியின் உயிர் என்றால் வெப் வழியில் மல்லுக்கட்ட வேண்டாம். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், அல்லது நேரடி நேட்டிவ் பக்கம் போவது மலிவு.

சோதனைச் செயலியை அழிக்காமல் தனிக் களஞ்சியத்தில் வையுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: எந்தப் பதிப்பு, எந்த ஃபோன், வெப்வியூ எண், ஐந்து முறை அளந்த நேரம், தோற்றவை, அவற்றைச் சரிசெய்த விதம். அடுத்த ஆண்டு பிளே ஸ்டோரின் ஆகஸ்ட் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னதாக, ஜூன் மாதத்தில், அதே செயலியை அதே இரண்டு ஃபோனில் புதுப் பதிப்போடு மறுபடி ஓட்டிப் பார்க்கத் தேதி குறித்துவிடுங்கள்.